கிட்னி மாற்றிய பிறகு நிணநீர் தேங்கினால்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வைத்தியன் இல்லை. ஏழு வருடமாக அக்காவின் சிறுநீரகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவன். ஒப்பரேசன் முடிந்து ஏழாவது வாரம் எனக்கு நிணநீர் தேங்கியது. அதற்குப் பிறகு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தலவாக்கலை, மஸ்கெலியா, புசல்லாவைப் பக்கத்து ஆட்கள் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது, வாட்டில் பேச்சு சிங்களத்தில் நடக்கிறது, பயம் மட்டும் நம்முடைய தமிழில் வீடு வந்து சேர்கிறது. வைத்தியர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

நிணநீர்னா என்னங்க? ரத்தமா, சீழா, சிறுநீரா?

மூன்றும் இல்லை. இரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் நீர் எப்போதும் வெளியே கசிந்து சதைக்குள் நிற்கும். அதை வடித்தெடுத்துத் திரும்ப இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்று தனியாக மெல்லிய குழாய்கள் உடம்பு முழுக்க ஓடுகின்றன. அவற்றில் ஓடுவதுதான் நிணநீர். புரதமும் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் அதில் இருக்கும். பார்க்க இளமஞ்சளாகத் தெளிந்திருக்கும்.

தேயிலை மலையில் கான் வெட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் கானில் இறங்கி ஓடும்வரை மலை உறுதியாக நிற்கும். யாராவது குறுக்கே ரோட்டு வெட்டினால் கான் அறுந்து, தண்ணீர் பள்ளமான இடத்தில் தேங்கும். ஒப்பரேசனுக்குப் பிறகு வயிற்றுக்குள் நடப்பதும் அதேதான். அப்படித் தேங்கி நிற்பதை வைத்தியர்கள் லிம்போசீல் என்பார்கள். கட்டி என்று சொல்லப்பட்டாலும் அது புற்றுநோய்க் கட்டி இல்லை.

கிட்னி இருக்கிறது முதுகுப் பக்கம். தண்ணி ஏன் அடிவயித்துல கோக்குது?

புதிய சிறுநீரகத்தைப் பழையது இருக்கும் இடத்தில் வைப்பதில்லை. பழையவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்பின் உட்பக்கம், பெரும்பாலும் வலது பக்கத்தில் வைப்பார்கள். காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களோடு அதன் குழாய்களை இணைத்து, சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையில் பொருத்துவார்கள். காலிலிருந்து மேலே ஏறும் நிணநீர்க் குழாய்களும் அந்த இரத்தக் குழாய்களைச் சுற்றித்தான் படர்ந்திருக்கின்றன. அவற்றை விலக்கி வெட்டாமல் உள்ளே போக வழியில்லை. தானம் தந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்திலும் அறுந்த நிணநீர்க் குழாய்கள் இருக்கும்.

கண்ணில் படுவதையெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணர் கட்டி அடைத்துவிடுவார். ஆனால் முடி மாதிரி மெல்லிய, நிறமில்லாத குழாய்கள் ஒன்றிரண்டு தப்பிவிடும். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு வெளியே ஒரு பொந்து மாதிரி இடத்தில்தான் சிறுநீரகம் இருக்கிறது. கசிந்த நீர் அங்கிருந்து வேறு எங்கும் போக முடியாது. இந்தச் சவ்வை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இது எல்லாருக்கும் வருமா? எப்ப வரும்?

கொஞ்சம் தேங்குவது பலருக்கும் உண்டு. தொந்தரவு தரும் அளவுக்குத் தேங்குவது சிலருக்குத்தான். 100 பேரில் ஒருவருக்குக் கூட இல்லை என்று எழுதியவர்களும் உண்டு, 30 பேருக்கு மேல் என்று எழுதியவர்களும் உண்டு. சிலர் தொந்தரவு கண்டவர்களை மட்டும் எண்ணுகிறார்கள், சிலர் ஸ்கேனில் தெரிந்த சொட்டு நீரையும் எண்ணுகிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் அந்த எண்ணிக்கை முறையில்தான். காலம் என்று பார்த்தால் இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள், அதிலும் ஆறாவது வாரத்தை ஒட்டி அதிகம்.

வீட்டுலயே கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. மூன்று சாமான் போதும்: தையல்காரர் வைத்திருக்கும் நாடா, எடை பார்க்கும் தராசு, கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கு. காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். பிறகு இரண்டு கெண்டைக்காலையும் அளவு எடுங்கள். என் மனைவி முழங்காலுக்குக் கீழே பத்து சென்றிமீற்றரில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தினமும் அதே புள்ளியில்தான் நாடாவைச் சுற்றுவாள். குளித்தால் புள்ளி அழிந்துவிடும் என்று மறுபடி மறுபடி வைத்து என் காலில் பச்சை குத்தியது போலவே ஆகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வலது கால் 34, இடது கால் 34. அடுத்த செவ்வாய் வலது 37, இடது 34. "மலை ஏறி இறங்குனதுல வந்த வீக்கம்" என்றேன் நான். "அப்படின்னா ரெண்டு காலும்தானே வீங்கணும்?" என்றாள் அவள். அவள் கேட்டதுதான் சரி.

கிட்னி வைத்த பக்கத்துக் கால் மட்டும் வீங்குவது, அந்தப் பக்கம் அடிவயிறு கனப்பது, சிறுநீர் குறைவது, அல்லது சிறுநீர்ப்பை அழுத்தப்படுவதால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவது, ஆண்களுக்கு விதைப்பை வீங்குவது, தையல் போட்ட இடத்திலிருந்து தெளிந்த நீர் வடிந்து துணி நனைவது என்று பல விதமாக இது காட்டும். ஒன்றுமே காட்டாமல் இரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிவதும் உண்டு. அதனால் கால் நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

ஒத்தக் கால் வீங்குனா யானைக்கால்னு சொல்றாங்களே?

வயதானவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். யானைக்கால் நுளம்பு பரப்பும் புழுவால் வருவது. இலங்கையில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களின் நோயாகத்தான் இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அங்கீகரித்தது. உங்கள் காலுக்குக் காரணம் புழு இல்லை. தேங்கிய நீர் இடுப்பில் ஓடும் பெரிய நாளத்தை அழுத்தினால் கால் இரத்தம் மேலேற முடியாமல் வீங்குகிறது.

அதே அழுத்தத்தால் நாளத்துக்குள் இரத்தம் உறையவும் கூடும். அது ஆபத்தானது. கெண்டைக்கால் இறுகி வலித்தால், சூடாக இருந்தால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் பஸ்ஸுக்கு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

கிரியேட்டினின் ஏறிடுச்சு. உடம்பு கிட்னிய ஒத்துக்கலையா?

அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, அது இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சிறுநீர்க் குழாயைத் தேங்கிய நீர் நெருக்கினால் சிறுநீர் இறங்க முடியாமல் சிறுநீரகத்துக்குள் நின்று அது வீங்கும், கிரியேட்டினின் ஏறும். நல்ல சிறுநீரகம்தான், வாய்க்காலில்தான் அடைப்பு. நீரை எடுத்ததும் கிரியேட்டினின் இறங்கும். நிராகரிப்பு, மருந்தின் அளவு கூடியது, தொற்று ஆகியவையும் இதே எண்ணைத்தான் ஏற்றிக்காட்டும். அதனால் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் நிராகரிப்பைத் தடுக்க நாம் போடும் டெக்ரோலிமஸ் மாத்திரை இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், சிறுநீரகத்திலிருந்து துளிச் சதை எடுப்பார்கள். டெக்ரோலிமஸ் பார்க்கும் நாளில் காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். விடியற்காலை பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் விழுங்கிவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம்.

ஸ்கேன்ல தண்ணி இருக்குன்னு எழுதிட்டு, ஒண்ணும் செய்யாம அனுப்பிட்டாங்க. நம்மள கவனிக்கலையா?

இந்தக் குறை அடிக்கடி காதில் விழுகிறது. தொந்தரவு தராத சின்னத் தேக்கத்தைத் தொடாமல் விடுவதே சரியான வைத்தியம். பெரும்பாலானவை தானே உறிஞ்சப்படும். ஊசி குத்தும் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக வழி திறக்கிறோம், நமக்கோ எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் "அடுத்த ஸ்கேன் எப்போது, எது நடந்தால் அதற்கு முன்பே வர வேண்டும்?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்காமல் எழும்பாதீர்கள். சிங்களம் வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் யாரையாவது கூப்பிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுத்த தண்ணிய ஏன் லேபுக்கு அனுப்புறாங்க?

வெளியே வந்தது நிணநீரா சிறுநீரா என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னுடையது வெளிறிய பிளேன்டீ நிறத்தில் இருந்தது, சிறுநீரும் அப்படி இருக்கலாம். இணைத்த இடம் விட்டுச் சிறுநீர் கசிந்தால் அதற்கு வைத்தியம் வேறு, அவசரமும் வேறு. அதனால் அந்த நீரின் கிரியேட்டினினையும் இரத்தத்தின் கிரியேட்டினினையும் ஒப்பிடுவார்கள். இரத்தத்தில் 1.4 இருக்கும்போது நீரிலும் ஏறத்தாழ அதே அளவு இருந்தால் நிணநீர். நீரில் பல மடங்கு இருந்தால் சிறுநீர். கிருமி இருக்கிறதா என்றும் அதே நீரில் பார்ப்பார்கள்.

ஊசி போட்டு எடுத்தாங்க, ரெண்டு கிழமையில திரும்ப வந்துடுச்சு. சரியா செய்யலையா?

சரியாகத்தான் செய்திருப்பார்கள். அறுந்த கான் அறுந்தபடியே இருக்கும்போது குழியை மட்டும் இறைத்தால் மறுபடி நிரம்பத்தானே செய்யும்? வெறுமனே ஊசியால் எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் திரும்பத் தேங்குகிறது. ஆனாலும் முதலில் அதைச் செய்வதற்குக் காரணம் உண்டு: என்ன நீர் என்று தெரிய வேண்டும், அழுத்தம் குறைந்ததும் கிரியேட்டினின் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த படி, ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய டியூப் வைத்துச் சில நாட்கள் வடிய விடுவது. சிலருக்கு அந்த டியூப் வழியாகப் பொவிடோன் அயடின், அற்ககோல், டொக்சிசைக்ளின் போன்ற ஒன்றைச் செலுத்திப் பொந்தின் சுவர்களை ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். ஒரு தடவையில் முடியாமல் பல தடவை செய்யவேண்டி வரலாம். அதற்கும் அடங்காவிட்டால் கீழே சொல்லும் ஜன்னல்.

டியூபோட வீட்டுக்கு அனுப்பினா லயத்துல எப்படி வச்சுக்கிறது?

கஷ்டம்தான், மறைக்கவில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர், வெளியே பொதுக் கக்கூஸ், குளிக்கத் தண்ணீர் கொட்டும் பீலி. டியூப் இருக்கும்வரை பீலிக்குக் கீழே நிற்காதீர்கள். அந்த இடம் நனையாமல் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். நீர் வடியும் பை எப்போதும் வயிற்று மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். உட்சட்டையில் ஊசி குத்தி நிறுத்தினால் இழுபடாது. பையைத் திறக்கும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மில்லிலீற்றர், என்ன நிறம் என்று கொப்பியில் எழுதுங்கள். டியூப்பை எப்போது எடுப்பது என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நீர் கலங்கினால், நாற்றம் வந்தால், சிவந்தால், ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் அடித்தால் திகதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டில் முடியாது என்று தோன்றினால் வாட்டிலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள். தூரத்துத் தோட்டம் என்று தெரிந்தால் சில நாள் கூட வைத்திருக்க இடமிருக்கலாம். கேட்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜன்னல் வைக்கிற ஒப்பரேசன்னு சொன்னாங்க. தண்ணிய வயித்துக்குள்ள விட்டா வயிறு வீங்காதா?

நல்ல கேள்வி, நானும் கேட்டேன். முதலில் சொன்ன சவ்வு ஞாபகமிருக்கிறதா? அதில் ஒரு துளை வெட்டி, பொந்தில் தேங்கும் நீர் வயிற்றறைக்குள் இறங்க வழிசெய்வார்கள். அந்தச் சவ்வு நீரை உறிஞ்சக்கூடியது. வயிற்றில் டயலிசிஸ் செய்தவர்களுக்கு அந்தச் சவ்வின் வேலை தெரிந்திருக்கும். கசிகிற நிணநீரை அது உறிஞ்சித் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிடும், வயிறு வீங்காது. டியூப்பில் வெளியே போனால் புரதம் வீணாகும், இதில் அதுவும் இல்லை.

இப்போது பெரும்பாலும் சின்னத் துளைகள் போட்டு, கெமராவைப் பார்த்தபடி லெப்ரோஸ்கோப்பியில் செய்கிறார்கள். திரும்பத் தேங்குவது இதில்தான் மிகக் குறைவு, பத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ. நீரில் கிருமி இருந்தால் மட்டும் ஜன்னல் வைக்க மாட்டார்கள், சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். அப்போது வெளியே வடியவிட்டு, கிருமிக்கு மருந்து கொடுப்பார்கள். புதிய சிறுநீர்க் குழாய் பக்கத்திலேயே கிடப்பதால் அதில் படாமல் வெட்டுவதுதான் இந்த ஒப்பரேசனின் சிரமமான பகுதி.

வராம தடுக்க நம்ம கையில என்ன இருக்கு?

பெரும்பங்கு சத்திரசிகிச்சை நிபுணர் கையில்: குழாய்களைச் சுற்றித் தேவைக்கு மேல் கிளறாமல் இருப்பதும், கண்டதையெல்லாம் கட்டுவதும். சில இடங்களில் அந்த ஜன்னலை முதல் ஒப்பரேசனிலேயே வெட்டிவிடுவதும் உண்டு. நம் பங்கு சிறியது. உடற்பருமன் இதற்கு ஒரு காரணம், ஆகவே காத்திருக்கும் காலத்தில் எடையைக் குறைப்பது பயன் தரும். சீனி வியாதி இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், ஏனென்றால் நிராகரிப்பு வந்தால் நிணநீர்க் கசிவும் கூடும்.

நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் சிரோலிமஸ், எவரோலிமஸ் என்ற மாத்திரைகள் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், நிணநீர்த் தேக்கத்தையும் கூட்டும். அதனால்தான் பல இடங்களில் ஒப்பரேசன் முடிந்த கையோடு அவற்றைத் தொடங்குவதில்லை. உங்களுக்கு அவை எழுதப்பட்டிருந்தால் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கிட்னியே போய்விடும்.

கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் பார்மசில குடுத்தாங்க. போடலாமா?

எனக்கும் கொடுத்தார்கள். கவுண்டரில் காலைப் பார்த்துவிட்டு இரண்டு கடதாசிப் பொட்டலம், ஒன்றில் டைக்ளோபெனாக். கிட்னி மாற்றியவன் என்று சொன்னதையே கேட்டதாகத் தெரியவில்லை. டைக்ளோபெனாக், இபுபுரூபன் வகை மாத்திரைகள் நம் சிறுநீரகத்துக்கு நஞ்சு மாதிரி. வலிக்குப் பரசிட்டமோல், அதையும் அளவோடு. நீர் மாத்திரை பொந்தில் தேங்கிய நிணநீரைக் குறைக்காது, உடம்பு வரண்டு கிரியேட்டினின்தான் ஏறும்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம். வயிற்றில் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. காலில் உறைந்த இரத்தம் இருந்தால் உருவும்போது அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். கசாயங்களும் ஜம்போலாப் பழமும் டெக்ரோலிமஸின் அளவை மாற்றக்கூடியவை.

சாப்பாட்டுல எண்ணெய், கொழுப்பக் குறைச்சா தண்ணி வத்துமா?

வற்றாது. கொழுப்பைச் சுமக்கும் நிணநீர் குடலிலிருந்து வருவது. அது வந்து சேரும் இடம் நம் ஒப்பரேசன் இடத்துக்கு மேலே இருக்கிறது. நமக்குக் கசிவது காலிலிருந்து வருவது. பட்டினி கிடப்பதைவிட முட்டை, மீன், பருப்பு என்று புரதம் சேர்த்துக்கொள்ளுங்கள், காயம் ஆற அதுதான் வேண்டும். அளவை மட்டும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்ப கிட்னி குடுத்த அக்காவுக்கும் இது வருமா?

மிக அரிது. கொடுத்தவரின் சிறுநீரகத்தை எடுக்கும் இடம் மேலே, சொன்னேனே, குடலின் நிணநீர் சேரும் இடத்துக்குப் பக்கம். அங்கே கசிந்தால் பால் நிறத்தில் நீர் வயிற்றில் சேரலாம். இவர்களுக்குத்தான் கொழுப்பைக் குறைத்த சாப்பாடு உண்மையிலேயே உதவும். கொடுத்தவருக்கு வயிறு உப்பிக்கொண்டே போனால் "வாயு" என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

மலைக்குக் கொழுந்து எடுக்க எப்ப போகலாம்?

முதல் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் இதில் அடங்கும். அதற்குப் பிறகு எப்போது என்பது ஆளைப் பொறுத்தது. நம் பெண்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டும் படங்குத் துணியின் முடிச்சு சரியாகப் புதிய சிறுநீரகத்தின் மேல்தான் விழும். கிளினிக்கில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், படங்கு என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது. நீங்கள்தான் கட்டிக் காட்ட வேண்டும். வேலை மாற்றத்துக்குக் கடிதம் தேவையென்றால் அப்போதே கேளுங்கள்.

வீங்கின கால்ல அட்டை கடிச்சா?

நிணநீர் சரியாக ஓடாத காலில் சின்னக் காயமும் சீக்கிரம் பழுக்கும். அட்டையைக் கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கட்டுங்கள். அட்டைக் கடியில் இரத்தம் நிற்க நேரமெடுக்கும், பயப்பட வேண்டாம். சுண்ணாம்பு, புகையிலைச் சாறு எதையும் காயத்தில் வைக்காதீர்கள், சொறியாதீர்கள். சுற்றிலும் சிவந்து சூடாகிப் பரவினால் அன்றைக்கே மருந்து வேண்டும். மழைக்காலத்தில் நான் முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் கீழே இறங்குவேன். பிள்ளைகள் "துரை வாறாரு" என்று சிரிக்கும்.

வருசக்கணக்கா போன பிறகும் வருமா?

அரிதாக வரும், வருடங்கள் கழித்து வந்தவர்களும் உண்டு. அதனால் கால் அளவை விடாதீர்கள், தினமும் இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒரு தடவையாவது. எனக்கு இரண்டு முறை ஊசியால் எடுத்தும் நிற்காமல் ஜன்னல் வைத்தார்கள். போன வருட ஸ்கேனிலும் "சிறிய தேக்கம், மாற்றமில்லை" என்றுதான் எழுதியிருந்தது. தேசிக்காய் அளவு என்றார் வைத்தியர். கிரியேட்டினின் 1.2. அக்காவிடம் போனில் சொன்னேன். "எனக்கிட்ட இருந்தப்போ இந்தத் தேசிக்காயெல்லாம் இல்லையே" என்றாள்.